அந்தக் கொப்பைத் திரும்பப் போடு

லண்டனில் ஒரு ஆற்றைத் துப்புரவாக்கும் தொண்டர்களோடு சேர்ந்த முதல் நாளே பிழை விட்டேன். மார்பு உயர ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, ஒரு சைக்கிள் சக்கரம், ஒரு தலையணை, வீதியில் வைக்கும் செம்மஞ்சள் கூம்பு இரண்டு, கணக்கில்லாத பிளாஸ்டிக் என்று கரையில் குவித்த உற்சாகத்தில், பக்கத்தில் பாதி அமிழ்ந்து கிடந்த பெரிய வில்லோ மரக்கொப்பு ஒன்றையும் மூச்சுப் பிடித்து இழுத்துக் கரையேற்றிவிட்டேன். ஊரில் சிரமதானத்துக்குப் போன பழக்கம், கையில் அகப்பட்டதை எல்லாம் அள்ளுவது. நிமிர்ந்து பார்த்தால் அன்றைய வேலையை நடத்திய பெரியவர், எழுபது வயதிருக்கும், சிரித்துக்கொண்டு நிற்கிறார். "நல்ல பலம்தான். இனி அந்தக் கொப்பைத் திரும்பப் போடு. எப்படிக் கிடந்ததோ அப்படியே, அடிப்பக்கம் கரையில், நுனி தண்ணீர் போகிற பக்கம்."

போட்டேன். பிறகுதான் ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதில் பாதி அன்று விளங்கியது, மற்றப் பாதி விளங்க நாலு வருடம் எடுத்தது.

ஆற்றின் பெயர் வாண்டில். தெற்கு லண்டனில் க்ரொய்டன், கார்ஷால்டன் பக்கம் ஊற்றெடுத்து, மிச்சம் (ஊர்ப் பெயர்தான், எங்கள் ஆக்கள் இதை வைத்து அடிக்காத பகிடி இல்லை), மோர்டன், கோலியர்ஸ் வுட் வழியாக வந்து வாண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியில் விழுகிறது. மொத்தமே 14 கிலோமீட்டர்தான். டூட்டிங்கில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கரைக்கு வந்துவிடலாம். அங்கே வாழும் தமிழர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆற்றில் ட்ரவுட் மீன் இருப்பது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கே பதினோரு வருடம் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் ஒரு கால்வாய் என்றுதான் எண்ணியிருந்தேன். அதன் பெயரைக்கூடப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஆறு என்பதே கொஞ்சம் அந்நியமான பொருள். எங்களிடம் இருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். நாங்கள் கிணற்று ஆக்கள். ஆனால் வாண்டிலைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. இது எனக்குத் தெரிந்த தண்ணீர்தான். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்பு வழியே இறங்கி, நிலத்தடியில் தேங்கி, கிணற்றிலும் கீரிமலைக் கேணியிலும் மேலே வருகிறது. வாண்டில் பிறப்பதும் அப்படித்தான். தெற்கே இருக்கும் நோர்த் டவுன்ஸ் குன்றுகள் முழுக்க வெண்கட்டி, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதினோமே அதே பெயருள்ள கல், அதுவும் சுண்ணக்கல் வகைதான். குன்றில் பெய்த மழை அதற்குள் ஊறி, மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, அடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. கல்லே வடிகட்டி. அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கல்லின் கல்சியம் கலந்திருக்கும், ஊற்றில் கோடையென்றாலும் பனிக்காலமென்றாலும் 10, 11 டிகிரிதான். ஓகஸ்டில் கால் வைத்தால் குளிரும், ஜனவரியில் வைத்தால் வெளிக்காற்றைவிட இதமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையில் சுடுகிற மாதிரி இருக்குமே, அதே கணக்கு.

இப்படிப்பட்ட வெண்கட்டி ஆறுகள் உலகம் முழுவதும் எண்ணினால் இருநூறு சொச்சம்தான் தேறும். அதில் பெரும்பாலானவை இங்கிலாந்தில். மற்றவை பெரும்பாலும் புல்வெளியும் வாத்துமாகப் படம் எடுக்கிற மாதிரி ஓட, வாண்டிலோ பஸ் டிப்போ, கிட்டங்கி, அடுக்குமாடி, ட்ராம் பாதை என்று எல்லாவற்றின் முதுகுப்பக்கமாகவும் ஓடுகிறது.

வேலை வாங்கியே கொன்ற ஆறு இது. சிறிய ஆறு, ஆனால் சரிவு அதிகம், வருடம் முழுக்க வற்றாத ஓட்டம். விடுவார்களா? மா ஆலை, மூக்குப்பொடி ஆலை, எண்ணெய் ஆலை, துணி வெளுக்கும் வயல், சாயத் தொழிற்சாலை என்று அடுக்கடுக்காகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு அணை போட்டுவிட்டார்கள். மோர்டன் ஹோல் பூங்காவில் மூக்குப்பொடி அரைத்த ஆலை இன்னும் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைகளில் அச்சடித்த பருத்தித் துணிக்கு காலிகோ என்று பெயர், கோழிக்கோட்டுத் துணி என்பதுதான் அதன் அர்த்தம். நம் பக்கத்துச் சீட்டித் துணியைப் பார்த்து ஆசைப்பட்டு அதே போல இங்கே அச்சடித்திருக்கிறார்கள். 1881இல் துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் மேர்ட்டன் அபேயில் தன் பட்டறையை நிறுவியதும் இந்தத் தண்ணீர் சாயம் போடவும் துணி அலசவும் நல்லது என்பதற்காகத்தான். பிறகு மக்கள்தொகை பெருகி, கழிவு பெருகி, 1930களோடு ட்ரவுட் இல்லாமல் போய், 1960களில் திறந்த சாக்கடை என்று அறிவிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. தோல் பதனிடுகிற இடத்தில் அன்று என்ன சாயமோ அந்த நிறத்தில் ஆறு ஓடியதாகப் பழைய ஆக்கள் இன்னும் சொல்வார்கள்.

சரி, மீனுக்கு வருகிறேன்.

இங்கே இருப்பது பழுப்பு ட்ரவுட். இந்த மண்ணின் மீன். பக்கவாட்டில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்தது மாதிரி இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும், அதன் நிழல் தரையில் அசைவதைப் பார்த்துத்தான் மீனைக் கண்டுபிடிக்க வேண்டும். அது முட்டையிடுவது குளிர்காலத்தில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை. பெண் மீன் ஆழம் குறைந்த, வேகமாக ஓடுகிற, சரளைக்கல் நிறைந்த இடத்தைத் தேடிப்பிடித்து, பக்கவாட்டில் சரிந்து படுத்து வாலை அடி அடி என்று அடிக்கும். அந்த அடியில் கல் கிளம்பிக் கொஞ்சம் கீழே போய் விழும், ஒரு குழி உண்டாகும். அதில் முட்டையிட, ஆண் மீன் வந்து விந்தைப் பீய்ச்ச, உடனே ஓட்டத்துக்கு எதிரே சற்று மேலே போய் மறுபடி அடித்து, எழும்புகிற கல்லால் முட்டைகளை மூடிவிடும். மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது, காவல் நிற்பது ஒன்றுமில்லை. மிச்சத்தைக் கல்லும் தண்ணீரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முட்டை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரை கல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. அதற்கு மூச்சு வேண்டும், அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சந்துகளில் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10 டிகிரித் தண்ணீரில் பொரிக்க ஏறக்குறைய 40 நாள். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது, வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு இன்னும் சில வாரம் கல்லுக்குள்ளேயே இருந்து அதைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் மேலே எழும்பும். ஆக நத்தார் காலத்தில் இட்ட முட்டை பங்குனி அளவில்தான் நீந்தும். இந்த இரண்டு மூன்று மாதத்தில் மேலே இருந்து மெல்லிய சேறு வந்து படிந்து அந்தச் சந்துகளை அடைத்தால் முடிந்தது கதை. தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி ஓடும், கீழே முட்டை எல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

ட்ரவுட் ஆற்றைப் பராமரிப்பது என்றால் மீன் வாங்கி விடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியும் செய்திருக்கிறார்கள். இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தொட்டி வைத்து, பிள்ளைகள் முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது மறக்காது, அதற்காகவே நல்ல வேலை. ஆனால் மீன் தானாகப் பெருக வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது மீனை அல்ல, கல்லை. நாங்கள் செய்கிற வேலையில் முக்கால்வாசி கல் வேலை, சேற்று வேலை.

கொப்பு விஷயம் இங்கேதான் வருகிறது. இந்த ஆற்றைப் பல இடங்களில் நேராக்கி, அகலமாக்கி, இரண்டு பக்கமும் பலகையோ கொங்கிரீட்டோ அடித்து வைத்திருக்கிறார்கள். அகலம் கூடினால் ஓட்டம் மெதுவாகும். மெதுவானால் சேறு படியும். வீதியில் இருந்து வரும் மணல், டயர் தேய்ந்த தூள், இலை மக்கியது எல்லாம் ஒரு விரற்கடை கனத்துக்குச் சரளைக்கு மேல் போர்வை மாதிரி விரியும். இப்போது குறுக்கே ஒரு கொப்பைப் போடுங்கள். ஆறு மூன்றில் ஒரு பங்கு ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது, போகிற இடத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டு போகிறது, கல் தெரிகிறது. கொப்பின் நுனிக்குக் கீழே ஒரு பள்ளம் தோண்டுகிறது, பெரிய மீன் நிற்க அது இடம். கொப்புக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் தேங்குகிறது, அள்ளிவந்த சேறு அங்கே கரையோரமாகப் படிந்து, அதில் செடி முளைத்து, இரண்டு வருடத்தில் அதுவே புதுக் கரை ஆகிறது. ஒரு அங்குலக் குஞ்சு ஒளிந்து நிற்பதும் அங்கேதான், நடு ஓட்டத்தில் அதை விட்டால் தேம்ஸ் வரை அடித்துக்கொண்டு போய்விடும். ஆக, நான் இழுத்தெறிந்த அந்த ஒற்றைக் கொப்பு விளக்குமாறு, மண்வெட்டி, தொட்டில் மூன்றாகவும் இருந்திருக்கிறது.

இப்போது நாங்களே வேண்டுமென்று மரத்தை வெட்டிப் போடுகிறோம். கரையில் நெருங்கி நிற்கும் வில்லோவிலோ அல்டரிலோ ஒன்றைச் சரித்து, ஆற்றுக்குள் மரமுளை அடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டுவது. ஆற்றில் இறங்கிச் சுத்தியலால் முளை அடிக்கிற வேலை இருக்கிறதே, அடுத்த நாள் தோள் தூக்க முடியாது. கட்டாமல் விட்டால் வெள்ளத்தில் போய்ப் பாலத்தில் அடைத்து யாரோ ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் போகும், அதனால் இதெல்லாம் அனுமதி எடுத்து, கணக்குப் பார்த்துச் செய்வது. யாரும் இதை வாசித்துவிட்டு நாளைக்கே போய் மரத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

மரத்தை வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு நிழல் விழுந்தால் அடியில் நீர்ச்செடி முளைக்காது, முழு வெயில் அடித்தால் தண்ணீர் சூடாகும். ட்ரவுட்டுக்கு 20 டிகிரிக்கு மேல் போனால் கஷ்டம் தொடங்கிவிடும். தென்னந்தோப்புக்குள் விழுகிற மாதிரி, அங்கொரு திட்டு வெயில் இங்கொரு திட்டு நிழல், அதுதான் அளவு.

இரண்டாவது பிழை ஒரு டிசம்பரில். நடு ஆற்றில் ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி கிடந்தது. இது மரமில்லை, எடுக்கலாம்தானே என்று இறங்கப்போனவனைப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். வண்டியிலிருந்து ஓட்டம் வரும் பக்கம் இரண்டு மீட்டரில், பாசி படிந்து கறுத்துப்போன சரளைக்கு நடுவே ஒரு இடம் மட்டும் யாரோ துலக்கி வைத்தது மாதிரி வெளிறி இருந்தது. மேல்பக்கம் சிறு குழி, கீழ்ப்பக்கம் சிறு மேடு. ட்ரவுட் முட்டையிட்ட இடம். ஒரு சப்பாத்துக் கால் அதில் பட்டால் நூற்றுக்கணக்கான முட்டை நசுங்கும். தள்ளுவண்டி சித்திரை வரை அங்கேயே கிடந்தது. போகிற வருகிறவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள், குப்பை பொறுக்குகிற கூட்டம் இதைக்கூட எடுக்கவில்லையே என்று. எனக்கும் தினமும் அதைப் பார்க்க உடம்பு கூசும். விடிந்ததும் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிக்காத வீட்டில் மனிதர் இருப்பார்களா என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவன் நான்.

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இறங்கி, கைப்பிடி வைத்த வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடம் காலால் கல்லைக் கிளறுவோம். கிளம்புகிறது எல்லாம் வலைக்குள் போகும். பிறகு பெரிய கற்கள் சிலவற்றை எடுத்து ஒரு நிமிடம் தடவிப் பார்ப்பது. எல்லாவற்றையும் வெள்ளைத் தட்டில் கொட்டி எட்டு வகையாகப் பிரித்து எண்ண வேண்டும். மேஃப்ளை, ஆலிவ் என்கிற சிறு பூச்சிகளின் இளம்பருவங்கள், ஸ்டோன்ஃப்ளை, மணலாலும் குச்சியாலும் தனக்குத்தானே கூடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்து திரியும் காடிஸ் புழு, கூடில்லாத காடிஸ், அப்புறம் கமாரஸ் என்கிற ஒரு சின்ன நன்னீர் இறால் மாதிரியான உயிர். இந்தக் கடைசி ஆளை முதன்முதலாகத் தட்டில் பார்த்தபோது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், கூனி! முதுகு வளைந்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு துடிக்கிற அதே ஆள். எங்கள் கூனியோடு இதற்கு நேரடி உறவு கிடையாது, ஆனாலும் எனக்கு இன்றும் கூனிதான். விழுந்த இலையை அரித்துத் தின்பது இதன் வேலை, இதைத் தின்பது ட்ரவுட்டின் வேலை.

எண்ணிக்கைக்கு ஏற்ப மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். அந்த இடத்துக்கென்று வைத்த எல்லைக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். ஒரு போத்தல் தண்ணீரைச் சோதித்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர் எப்படி என்றுதான் தெரியும். நள்ளிரவில் யாரோ எதையோ ஊற்றி அது விடியுமுன் ஓடிப் போயிருந்தால் போத்தல் ஒன்றும் சொல்லாது. பூச்சி சொல்லும். போன மாதம் முந்நூறு கூனி இருந்த இடத்தில் இந்த மாதம் எட்டு என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

அப்படி நடந்ததில் பெரியது 2007 செப்டம்பரில். பெடிங்டன் கழிவுநீர் நிலையத்தில் வடிகட்டியைக் கழுவப் பயன்படுத்திய சோடியம் ஹைப்போகுளோரைட், வீட்டில் பாத்ரூம் கழுவுகிற பிளீச்தான், ஆற்றுக்குள் போய் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நான் அப்போது இந்தப் பக்கமே இல்லை. கண்ட ஆக்கள் இன்னும் அந்த நாளைப் பற்றிக் கதைக்கும்போது குரல் மாறுகிறது. பல வருட வேலை ஒரு பகலில் போனது. பிறகு கொடுக்கப்பட்ட நட்டஈட்டுப் பணத்தில் ஆற்றைத் திருத்தும் வேலைகள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு, கேட்க அருவருப்பாக இருக்கலாம். அந்த நிலையத்துக்குக் கீழே, மழை இல்லாத நாட்களில், ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி அங்கே சுத்திகரித்து விடுகிற தண்ணீர்தான். அது நின்றால் ஆறு மெலிந்துவிடும். எதிரியும் அதுதான், சோறு போடுவதும் அதுதான்.

ஆனால் தினசரித் தொல்லை பெரிய இடத்திலிருந்து வருவதில்லை, எங்கள் வீட்டு வாசலில் இருந்து வருகிறது. வீதியோரம் இரும்புக் கம்பி போட்ட வடிகான் இருக்கிறதல்லவா, இந்தப் பக்கத்தில் அதில் விழுவது பெரும்பாலும் நேரே ஆற்றுக்குத்தான் போகும், நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. வாசலில் கார் கழுவுகிற சவர்க்காரம், பெயின்ட் தூரிகை அலசிய தண்ணீர், பொரித்த எண்ணெய், எல்லாம். சமையலறையை விரிவுபடுத்துகிறோம் என்று யாராவது மலிவாக வந்து குழாய் பூட்டிவிட்டுப் போவார், சலவை இயந்திரத்தை மழைநீர்க் குழாயில் கொடுத்திருப்பார், வீட்டுக்காரருக்கே தெரியாது, ஒவ்வொரு தோய்ப்பும் நுரை நுரையாக ஆற்றில். இதை எழுதுமுன் என் வீட்டுக் குழாயையும் போய்ப் பார்த்தேன். நல்லவேளை. நாய் வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று: உண்ணிக்கும் தெள்ளுக்கும் கழுத்தில் விடுகிற மருந்தில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சிக்கொல்லிகள் இருக்கும். மருந்து விட்ட கையோடு நாயை ஆற்றில் நீந்த விட்டால், அது தெள்ளுக்கும் மேஃப்ளைக்கும் வித்தியாசம் பார்க்காது.

செடிக்கு வருவோம். அம்மா போன வருடம் இங்கே வந்து ஆறு மாதம் நின்றார். ஒரு ஞாயிறு கரைக்குக் கூட்டிப் போனேன். ஆடி மாதம், கரை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் இளஞ்சிவப்புப் பூ. நாங்கள் பத்துப் பேர் வரிசையாக நின்று அதை வேரோடு பிடுங்கிக் குவித்துக்கொண்டிருக்கிறோம்.

"தம்பி, உது காசித்தும்பையெல்லே? ஏன் உப்பிடி வடிவான பூவைப் பிடுங்கி எறியிறியள்?"

அம்மா சொன்னது சரிதான், காசித்தும்பைக் குடும்பமேதான். இமயமலையிலிருந்து 1839இல் தோட்டத்துக்கு என்று கொண்டுவந்தது, வேலி தாண்டிவிட்டது. காய் முற்றியதும் தொட்டால் வெடிக்கும், சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் வெடிக்க வைத்து விளையாடிய அதே வெடி. ஆனால் இது பெரியது, விதை ஏழு மீட்டர்வரை போய் விழும், ஆற்றில் விழுந்தால் கீழே எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். மற்ற எந்தச் செடிக்கும் வெளிச்சம் விடாமல் மூடி வளர்ந்து, குளிர் வந்ததும் முழுதாகச் செத்து மடிந்துவிடும். அப்போது கரையில் மண்ணைப் பிடித்துவைக்க ஒரு வேர் இருக்காது. மாரி மழையில் அந்த மண் எங்கே போகும்? நேரே சரளைக்கு மேலே, அதுவும் முட்டை இருக்கிற மாதத்தில். இதைச் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசாமல் கையுறையைக் கேட்டு வாங்கினார். வேர் ஆழமில்லாத செடி, எழுபது வயதுக் கைக்கும் சுலபமாக வரும். விதை கட்டுமுன் பிடுங்க வேண்டும், அதுதான் ஒரே விதி.

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி நின்றுவிட்டார். தண்ணீருக்கு மேல் பச்சைப் பாயாகப் படர்ந்து கிடந்த ஒன்றைக் காட்டி, "உதுக்கு மட்டும் கதை சொல்லாதை. உது வல்லாரை."

"இல்லையம்மா, உது வேறை."

"எனக்கு வல்லாரை தெரியாதே?"

இலை அச்சு அசல் வல்லாரை மாதிரித்தான் தோன்றும். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் பென்னிவேர்ட் என்றே பெயர், இது மிதக்கும் பென்னிவேர்ட், அமெரிக்கக் கண்டத்துச் செடி. குளத்துக்கு அழகு என்று விற்றார்கள். 2014இலிருந்து விற்கத் தடை. வளரும் காலத்தில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர்வரை நீளும். ஆற்றை மூடி, வெளிச்சத்தை மறைத்து, கீழே அழுகி, தண்ணீரின் ஒட்சிசனைத் தின்றுவிடும். ஒரு துண்டு கணுவோடு தப்பினாலும் அடுத்த பாலத்தடியில் புதிதாகத் தொடங்கும், அதனால் பிடுங்கும்போது கீழே வலை கட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும். அம்மா கடைசிவரை நம்பவில்லை. அன்று இரவு டூட்டிங்கில் வாங்கிய வல்லாரையில் சம்பல் போட்டு, "இதைத்தானே அங்கை குப்பையிலை போட்டனியள்" என்று பரிமாறினார்.

பிடுங்கக்கூடாத செடியும் இருக்கிறது. வோட்டர் குரோஃபூட் என்று, தண்ணீருக்குள் பச்சைக் கூந்தல் மாதிரி அலைந்துகொண்டிருக்கும், வைகாசியில் மேலே வெள்ளைப் பூ பூத்து ஆறே நெல்பொரி தூவியது போலாகிவிடும். அதன் கொத்துகளுக்கு இடையில் ஓட்டம் ஒடுங்கி விரைவதால் கல் சுத்தமாக இருக்கும். கொப்பு செய்கிற அதே வேலைதான். இதையும் "பாசி பிடித்திருக்கிறது, எடுக்கலாமா" என்று புதிதாக வருகிற யாராவது கேட்காத ஞாயிறு இல்லை. நான் சிரிக்க மாட்டேன், எனக்கு என் கொப்பு ஞாபகம் வரும்.

ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே ட்ரவுட்டை 1880களில் இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத் துரைமாருக்குத் தூண்டில் போட ஒன்று வேண்டுமே, நுவரெலியாக் குளிரில் முதலில் இந்தப் பழுப்பு ட்ரவுட்டை விட்டார்கள், பிறகு வானவில் ட்ரவுட் வந்தது, ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்தது அதுதான். அந்தச் சமவெளியில் மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன இறால் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்த வந்த மீன் அதைத் தின்கிறது. இங்கே கூனியை ட்ரவுட் தின்றால் ஆறு நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுகிறேன், அங்கே அதே சாப்பாடு அழிவு. வாண்டில் கரையில் நின்று இமயமலைச் செடியைப் பிடுங்கும்போது, ஹோட்டன் சமவெளியில் யாராவது ஒருவர் அந்த வந்தேறி மீனைப் பிடித்து வெளியே போட்டால் நான் கை தட்டத்தான் வேண்டும்.

தண்ணீரின் அளவைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை, யாழ்ப்பாணத்து ஆளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. துலா போய் மோட்டர் வந்தபின் எத்தனை கிணறு உவராகியது என்று எங்களுக்குத் தெரியும். வெண்கட்டிக் குன்றிலிருந்து குடிநீருக்கு அதிகமாக இறைத்தால் ஊற்று கீழே இறங்கும், ஆற்றின் தலை வற்றும். கார்ஷால்டன் குளங்களில் ஊற்று நிற்கிற காலங்களில் கீழிருந்து தண்ணீரை மேலே பம்ப் பண்ணி அனுப்புகிறார்கள். பல் துலக்கும்போது குழாயை மூடு என்று அம்மா சொல்வது ஆற்றுக்காக அல்ல, தண்ணீர்க் கட்டணத்துக்காக. ஆறு அதைக் கண்டுகொள்ளாது.

போன டிசம்பரில் நான் அன்று திரும்பப் போட்ட கொப்புக்குச் சற்றுக் கீழே, சரளையில் அந்த வெளிறிய திட்டைக் கண்டேன். நானே கண்டுபிடித்த முதலாவது. மீனைக் காணவில்லை. பெரியவருக்குப் படம் அனுப்பினேன், "இருக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது, அவர் அப்படித்தான். பங்குனி முடியும்போது ஒரு மத்தியானம் போய்க் கொப்பின் பின்பக்கத் தேக்கத்தில் அரைமணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சேற்றுக்கு மேல் தீக்குச்சி அளவில் ஏதோ அசைந்தது, உடம்பு தெரியவில்லை, கண் இரண்டும் நிழலும்தான். ஏழு எண்ணினேன். ஒரு நாரை எதிர்க்கரையில் வந்து இறங்கி அதே தேக்கத்தைப் பார்க்கத் தொடங்கியதும் எழும்பி வந்துவிட்டேன். மறுநாள் ஐந்து.